பக்கத்து வளவுப் பொடியன் என் பாஸ்வேர்டை எடுத்துவிட்டானா?

பரந்தன் – முல்லைத்தீவு வீதியை அண்டிய ஒரு கிராமத்திலிருந்து சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்துச் சுருக்கித் தருகிறேன்.

அவர் முன்பள்ளி ஆசிரியை. கணவர் கட்டாரில். இரண்டு பிள்ளைகள், மூத்தவன் உயர்தரம் படிக்கிறான். சுவிசில் இருக்கும் அண்ணன் வாங்கிக் கொடுத்த 4ஜி ரவுட்டர் விறாந்தை மேசையில் இருக்கிறது. வைஃபை பாஸ்வேர்ட் அவருடைய போன் நம்பர்தான். பக்கத்து வளவில் இருக்கும் மச்சாளின் மகன் ரியூசன் வீடியோ பார்க்கக் கேட்டபோது கொடுத்தார். இப்போது பின்னேரமானால் நாலைந்து பொடியன்கள் வேலியோர வேப்பமரத்தடியில் போனும் கையுமாகக் குந்தியிருக்கிறார்கள். மாதத்துக்குரிய டேட்டா இருபதாம் திகதி வருமுன்பே முடிந்துவிடுகிறது.

இதற்கிடையில் போன மாதம், அவருடைய பேஸ்புக்கிலிருந்து சுவிஸ் அண்ணனுக்கு அவசரமாக அறுபதாயிரம் ரூபாய் அனுப்பச் சொல்லி ஒரு செய்தி போயிருக்கிறது. "அண்ணை" என்று கூப்பிடுகிற தங்கச்சி திடீரென்று "ப்ரோ" என்று எழுதியதால் அவர் போன் எடுத்துக் கேட்டிருக்கிறார். காசு தப்பியது. பேஸ்புக் அனுப்பிய அறிவித்தலில் "விண்டோஸ் கணினி, குரோம், கொழும்பு" என்று இருந்ததாம். அந்தக் கிழமை வீட்டு லப்டொப் திருத்தும் கடையில் இருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, அரசாங்கத்தின் அஸ்வெசும கொடுப்பனவு பற்றி வட்சப்பில் வந்த ஓர் இணைப்பைத் திறந்து, பேஸ்புக் மூலம் உள்நுழையச் சொன்னபடி செய்ததாகக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியும் இருக்கிறது.

பேஸ்புக், ஜிமெயில், வங்கிச் செயலி மூன்றுக்கும் அடையாள அட்டை இலக்கமே பாஸ்வேர்ட். எல்லாம் எழுதிய கொப்பி சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. மகன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் லப்டொப்பில் குரோமுக்குள் சேமித்துவைத்து, கொப்பியை எரிக்கச் சொல்கிறான்.

அவருடைய கேள்விகள்: மச்சாளின் மகன் வைஃபை வழியாக என் பாஸ்வேர்டை எடுத்திருப்பானா? பொலிசுக்குப் போகலாமா? வைஃபை பெயரை மறைத்து, பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்றினால் சரியாகுமா? கொப்பியை என்ன செய்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மச்சாளின் மகனைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் வைஃபையில் அவன் இணைந்திருந்தான் என்பதை வைத்து அவன்தான் எடுத்தான் என்று சொல்ல முடியாது. அப்படி நடந்திருக்கும் வாய்ப்பும் மிகக் குறைவு.

உங்கள் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்லமாட்டேன். ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. 2010இல் ஃபயர்ஷீப் என்றொரு, உலாவியில் பொருத்தும் சின்னச் செருகுநிரல் வெளிவந்தது. பாஸ்வேர்ட் இல்லாத திறந்த வைஃபையில் பக்கத்து மேசைக்காரரின் பேஸ்புக்குக்குள் இரண்டு சொடுக்கில் நுழைய அது வழி செய்தது. அதன் பிறகு பெரிய தளங்கள் விழித்துக்கொண்டன. 2013இல் பேஸ்புக் எல்லோருக்கும் குறியாக்கம் செய்த இணைப்பையே வழக்கமாக்கியது. இன்று உங்கள் போனுக்கும் பேஸ்புக்குக்கும், உங்கள் போனுக்கும் வங்கிக்கும் இடையே போவதெல்லாம் இடையில் இருப்பவர் வாசிக்க முடியாதபடி பூட்டப்பட்டே போகிறது. அதே வைஃபையில் இருக்கும் ஒருவர் விஷயம் தெரிந்தவராக இருந்தால், நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை ஓரளவு அறியலாம். அங்கே என்ன எழுதினீர்கள், என்ன பாஸ்வேர்ட் கொடுத்தீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. வைஃபை பாஸ்வேர்ட் உங்கள் வளவுப் படலையின் பூட்டு, பேஸ்புக் பாஸ்வேர்ட் உள்ளே இருக்கும் அலுமாரியின் பூட்டு. படலைத் திறப்பைக் கொடுத்ததால் அலுமாரி திறந்துவிடாது.

அறிவித்தலில் "கொழும்பு" என்று இருந்ததையும் பெரிதாக எடுக்க வேண்டாம். இந்த இடப்பெயர் இணைப்பின் ஐபி முகவரியை (இணைய நிறுவனம் கொடுக்கும் எண்) வைத்துப் போடும் ஒரு கணக்கு. உங்கள் ஊரில் இருந்து நீங்களே உள்நுழைந்தாலும் கொழும்பு என்று காட்டக்கூடும். இடத்தை விட்டுவிட்டு என்ன கருவி, எத்தனை மணி என்பதைப் பாருங்கள். அது விண்டோஸ் கணினி. வேப்பமரத்தடியில் இருப்பதெல்லாம் போன்கள்.

அப்படியானால் யார்? உங்கள் கடிதத்திலேயே இரண்டு வழிகள் திறந்து கிடக்கின்றன. ஒன்று அந்த அஸ்வெசும இணைப்பு. அரசாங்கக் கொடுப்பனவு பற்றி அறிய உங்கள் பேஸ்புக் பாஸ்வேர்ட் யாருக்கும் தேவையில்லை. அப்படிக் கேட்கும் பக்கம் பேஸ்புக் போலவே நீல நிறத்தில் இருக்கும், நீங்கள் தட்டச்சு செய்தது நேரே மோசடிக்காரனிடம் போய்ச் சேரும். என் சந்தேகம் முதலில் இதன் மேல்தான். மற்றது கடைக்குப் போன லப்டொப். அதற்காக உடனே கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றே இல்லை. திருத்தும்போது பணம் கட்டாத மென்பொருள்களை "கிராக்" செய்து ஏற்றிக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் சில நச்சு நிரல்களுக்கு ஒரே வேலை, உலாவியில் சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளை மொத்தமாக அள்ளி வெளியே அனுப்புவது. கடைக்காரருக்கே அது தெரியாமல் இருக்கலாம். இரண்டில் எது நடந்திருந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

அடையாள அட்டை இலக்கம் ஒரு இரகசியமல்ல

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வன்னியில் இதே பழக்கம் பலரிடம் உண்டு. மீள்குடியேறிய காலத்திலிருந்து எத்தனை படிவங்களில் அந்த இலக்கத்தை எழுதியிருப்பீர்கள் என்று யோசியுங்கள். கிராம சேவையாளர், பிரதேச செயலகம், வீட்டுத்திட்டம், வாழ்வாதார உதவி, தொண்டு நிறுவனங்களின் பதிவு, சிம் வாங்கிய கடை, போட்டோக்கொப்பிக் கடை. அட்டையின் பிரதி இல்லாமல் இங்கே எந்த வரிசையிலும் நிற்க முடிந்ததில்லை. அத்தனை கோப்புகளிலும் உங்கள் வங்கிப் பாஸ்வேர்ட் எழுதிக் கிடக்கிறது என்றுதான் அர்த்தம்.

அதை ஊகிப்பதும் லேசு. உங்களுடையது கடைசியில் ஆங்கில எழுத்து வரும் பழைய அட்டை. அதில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது, பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். பிறந்தநாளுக்குப் பேஸ்புக்கில் வாழ்த்துச் சொல்பவர் எவருக்கும் முதல் ஐந்து இலக்கம் தெரிந்துவிடும். மிச்சம் நான்கு. பத்தாயிரம் முயற்சிக்குள் அடங்கிவிடும்.

அதைவிட ஆபத்து, ஒரே பாஸ்வேர்டை மூன்று இடத்தில் வைத்திருப்பது. பேஸ்புக்குக்காகப் பிடுங்கியவன் அதையே ஜிமெயிலிலும் வங்கியிலும் போட்டுப் பார்ப்பான். இதைச் செய்யத் தானியங்கி நிரல்களே இருக்கின்றன. உங்கள் வங்கிக் கணக்கு இதுவரை தப்பியிருந்தால் அதை அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டு இன்றைக்கே மாற்றுங்கள்.

மாற்றும் ஒழுங்கு

எல்லாவற்றுக்கும் முதல் ஜிமெயில். மற்ற எல்லாக் கணக்குகளிலும் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் கடிதம் வந்து சேரும் இடம் அதுதான். அது மற்றவர் கையில் இருக்கும்வரை மீதியை மாற்றிப் பலனில்லை. இந்த வேலையைக் கடைக்குப் போய்வந்த லப்டொப்பில் செய்யாமல் உங்கள் போனில் செய்யுங்கள்.

ஜிமெயிலைத் தொடங்கிக் கொடுத்தது அண்ணன்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மீட்பு இலக்கமாக அவருடைய சுவிஸ் நம்பர் இருக்கக்கூடும். இங்கே காலை ஏழு மணிக்கு உங்களுக்கு ஒரு குறியீடு தேவைப்பட்டால், அது அங்கே விடியப்புறம் நித்திரையில் இருக்கும் மனிதரின் போனுக்குப் போகும். அதை உங்கள் கையில் இருக்கும் சிம்மின் இலக்கத்துக்கு மாற்றுங்கள். அந்த சிம் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். கணவர் பெயரிலோ, அந்த நேரம் கையில் அட்டை வைத்திருந்த வேறொருவர் பெயரிலோ இருந்தால், சிம் தொலையும் நாளில் திரும்ப எடுக்க அலைய வேண்டிவரும். பிறகு இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டோடு உங்கள் போனிலும் உறுதிப்படுத்தக் கேட்கும் முறையை, போட்டுவிடுங்கள். பாஸ்வேர்ட் தெரிந்த ஒருவன் வந்தாலும் உங்கள் போன் இல்லாமல் உள்ளே போக முடியாது.

அடுத்தது வங்கி. பிறகு பேஸ்புக், அங்கே பாஸ்வேர்டை மாற்றுவதோடு "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்த வேண்டும். வட்சப்பில் "இணைக்கப்பட்ட கருவிகள்" பகுதியைத் திறந்து, தெரியாதது இருந்தால் நீக்குங்கள்.

புதிய பாஸ்வேர்ட் எப்படி இருக்க வேண்டும்? ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். முருங்கை, கோடாலி, புதன், சட்டி என்பது மாதிரி (இதையே வைத்துவிடாதீர்கள்). எண்ணும் குறியும் கேட்டால் கடைசியில் ஒன்று சேருங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு. மாதாமாதம் மாற்றத் தேவையில்லை. அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே அந்த அறிவுரையைக் கைவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசியில் 1, 2, 3 என்று சேர்த்துக்கொண்டு போவதுதான் நடந்தது. வெளியே போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் மாற்றுங்கள், அது போதும்.

கொப்பியை எரிக்க வேண்டாம்

மகன் சிரித்தால் சிரிக்கட்டும். இந்த விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம் கூட. சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கும் கொப்பியை வேறு நாட்டில் இருந்துகொண்டு எவனும் திருட முடியாது. மகன் சேமித்துவைத்த லப்டொப்பைப் பாருங்கள். திறந்தால் பாஸ்வேர்ட் கேட்காது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட கணினியில் குரோமின் அமைப்புகளுக்குள் போய்க் கண் குறியை அழுத்தினால், புள்ளி புள்ளியாகத் தெரிந்ததெல்லாம் எழுத்தாகத் தெரியும். விண்டோஸ் பாஸ்வேர்ட் இருந்தால்தான் அது முதலில் அதைக் கேட்கும். கடையில் அந்த லப்டொப் ஒரு கிழமை கிடந்தது.

இடம்பெயர்ந்த நாட்களில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தோளிலேயே வைத்திருந்த ஊர் இது. ஒரு கடதாசியைப் பத்திரமாக வைத்திருக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சில மாற்றங்களை மட்டும் செய்யுங்கள். சாமிப் படத்தின் பின்புறம் எல்லாரும் தேடும் இடம், உறுதி வைத்திருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தை (PIN) அதில் எழுதாதீர்கள். ஒவ்வொரு பாஸ்வேர்டிலும் ஒரு சொல்லை எழுதாமல் மனதில் வைத்துக்கொள்ளலாம், கொப்பி கிடைத்தவனுக்கும் அது உதவாது. கொப்பியைப் போனில் படம் பிடித்து "பாதுகாப்புக்காக" அண்ணனுக்கு வட்சப்பில் அனுப்ப மட்டும் வேண்டாம். கொப்பிக்கு உண்மையான எதிரிகள் கறையானும் வெள்ளமும்தான். 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது எத்தனை வீடுகளில் கடதாசி கூழாகியது என்று உங்களுக்கே தெரியும். பொலித்தீன் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். ஜிமெயில் பாஸ்வேர்டை மட்டும் இன்னொரு கடதாசியில் எழுதி அம்மா வீட்டில் கொடுத்து வைத்தால் நல்லது.

மகன் படிக்கிற பிள்ளை, கணக்குகள் கூடிக்கொண்டே போகும், அவனுக்குக் கொப்பி சரிவராது. பிட்வார்டன் போன்ற ஒரு பாஸ்வேர்ட் மேலாளரை அவன் பயன்படுத்தட்டும். அடிப்படைச் சேவை இலவசம், நிரலும் எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கிறது. ஒரே ஒரு முதன்மைப் பாஸ்வேர்டை நினைவில் வைத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு சேவையில் வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களின் பிரதிகளையே திருடிக்கொண்டு போனார்கள். முதன்மைப் பாஸ்வேர்டைச் சொத்தையாக வைத்திருந்தவர்கள்தான் அதில் அதிகம் பயப்பட வேண்டியிருந்தது. குரோமிலேயே தொடர்வான் என்றால் குறைந்தபட்சம் விண்டோஸுக்கு ஒரு பாஸ்வேர்ட் போடட்டும். இன்னொரு தடவை கடைக்குக் கொடுக்குமுன் குரோமிலிருந்து வெளியேறி, சேமித்தவற்றை அழித்துவிட்டுக் கொடுக்கட்டும். இப்போது இருக்கும் லப்டொப்பைப் படங்களையும் பாடக் கோப்புகளையும் மட்டும் எடுத்துவைத்துவிட்டு, விண்டோஸைச் சுத்தமாக மீண்டும் நிறுவுவதுதான் என் ஆலோசனை.

ரவுட்டர்

பெயரை மறைப்பதில் பிரயோசனமில்லை. பெயர் காட்டாத வைஃபையையும் இலவசச் செயலிகள் கண்டுபிடித்துவிடும், உங்கள் பிள்ளைகளுக்குத்தான் இணைக்கக் கரைச்சல். போன் நம்பரை பாஸ்வேர்டாக வைப்பதும் கூடாது. இலங்கையின் கைபேசி இலக்கங்கள் எல்லாம் ஒரு சில முன்னிலக்கங்களுக்குள் அடங்கும். கருவி ஒன்று வைஃபையில் இணையும் தருணத்தை வீதியில் நின்றபடியே பதிவு செய்துகொண்டு போனால், நல்ல கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினி அத்தனை இலக்கங்களையும் சில நிமிடங்களில் முயன்று பார்த்துவிடும். வேப்பமரத்தடிப் பொடியன்களுக்கு அந்தச் சிரமமே தேவையில்லை. ஒருவனுடைய அண்ட்ரொய்டு போனில் "பகிர்" என்று அழுத்தினால் வரும் கியூஆர் கட்டத்தை மற்றவன் படம் பிடித்தால் சரி. நீங்கள் ஒருவனுக்குக் கொடுத்தது ஐந்து பேருக்குப் போனது அப்படித்தான்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.8.1 போல ஒரு முகவரியும் நிர்வாகப் பாஸ்வேர்டும் இருக்கும். போனின் உலாவியில் அந்த முகவரியைத் தட்டினால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். அங்கே முதலில் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பல வீடுகளில் அது இன்னும் "அட்மின்" என்றே கிடக்கிறது. வைஃபைக்குள் வந்த ஒருவர் உண்மையில் கெடுதல் செய்யக்கூடிய இடம் இதுதான், உங்களைப் போலித் தளங்களுக்குத் திருப்பிவிடும்படி ரவுட்டரையே மாற்றலாம். பிறகு வைஃபை பாஸ்வேர்ட், முன்பு சொன்ன நாலு சொல் முறையில். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அது, பழைய போன்கள் இணையாவிட்டால் டபிள்யூபிஏ2. டபிள்யூபிஎஸ் என்று, பாஸ்வேர்டைத் தட்டாமலே கருவிகளை இணைக்கும் வசதி ஒன்று இருந்தால் நிறுத்துங்கள். அதன் எட்டு இலக்க இரகசிய எண்ணை (PIN) இரண்டு துண்டாக உடைத்துப் பதினோராயிரம் முயற்சிக்குள் பிடிக்கலாம் என்று 2011இலேயே காட்டிவிட்டார்கள். கடைசியாக, ரவுட்டரை விறாந்தையிலிருந்து வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். பின்னால் உள்ள சின்னத் துளையில் ஊசியால் சிறிது நேரம் அழுத்தினால் நீங்கள் மாற்றியதெல்லாம் பழையபடி ஆகிவிடும்.

வேப்பமரத்தடிக்கு என்ன சொல்வது?

பாஸ்வேர்டை மாற்றினால் மச்சாளின் மகன் அன்று பின்னேரமே வந்து கேட்பான். கொடுக்கவே மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மாதக் கட்டணம் கட்டுவது உங்கள் அண்ணன். ஆனால் அடுத்த வளவில் ஒரு பிள்ளை படிப்பதைத் தடுக்க உங்களுக்கும் மனம் வராது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. பல ரவுட்டர்களில் "கெஸ்ட்" என்று விருந்தினருக்குத் தனி வைஃபை ஒன்று போடலாம். அதற்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்ட். அதில் இருப்பவர்களுக்கு இணையம் கிடைக்கும், உங்கள் வீட்டுக் கருவிகளோ ரவுட்டரின் பக்கமோ பொதுவாக எட்டாது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் இணையலாம் என்று எண்ணிக்கை போடும் வசதியும் சிலவற்றில் உண்டு, இரண்டு என்று வைத்துவிடுங்கள். இரவில் கெஸ்டை நிறுத்திவிடலாம்.

மச்சாளிடம் நேரே கதையுங்கள். டேட்டா முடிகிறது, மகனுக்கு மட்டும் படிக்கத் தருகிறேன், மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று. பேஸ்புக் கதையை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். இன்னொன்றையும் அவனுக்குச் சொல்லலாம். இந்த இணைப்பில் யார் என்ன செய்தாலும் விசாரணை என்று வந்தால் முதலில் தட்டப்படுவது உங்கள் கதவுதான். அதனால்தான் தெரியாத பொடியன்களுக்கு நீங்கள் கொடுப்பதில்லை.

பொலிஸ்

அனுமதியில்லாமல் மற்றவரின் கணக்குக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். ஐந்து வருடம் வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். முறைப்பாடு செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு. உள்ளூர்ப் பொலிஸ் நிலையத்தில் பதியலாம். 2006 முதல் இயங்கும் இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவுக்கும் எழுதலாம், சேர்ட் என்று சொல்வார்கள். ஆனால் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். எந்த நாள், எத்தனை மணி, என்ன செய்தி, என்ன அறிவித்தல். சந்தேக நபர் என்ற இடத்தில் மச்சாளின் மகனுடைய பெயரைக் கொடுக்க வேண்டாம். வைஃபை பாஸ்வேர்டை அவனுக்குக் கொடுத்தது நீங்கள், ஆகவே அதைப் பாவித்தது குற்றமாகாது. பேஸ்புக்கோடு அவனைத் தொடுக்க ஓர் ஆதாரமும் இல்லை. பரீட்சை எழுதப்போகும் பிள்ளை ஒருவனை வெறும் சந்தேகத்தில் பொலிஸ் நிலையத்துக்கு இழுத்தால் என்ன ஆகும் என்பது உங்கள் ஊருக்குத் தெரியாததல்ல.

போவதாக இருந்தால், அண்ணனின் போனில் இருக்கும் அந்த "ப்ரோ" செய்தியை அவர் அழிக்குமுன் திகதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்சொட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பேஸ்புக் அனுப்பிய அறிவித்தலையும் அஸ்வெசும இணைப்பு வந்த வட்சப் செய்தியையும் படம் பிடித்து வையுங்கள். அந்த இணைப்பை மறுபடி திறக்க வேண்டாம். அதை உங்களுக்கு அனுப்பியவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அநேகமாக அவருடைய கணக்கும் போயிருக்கும்.